அம்புமுனை கூறும் வரலாறு

ஸ்ரீபெரும்புதூரையடுத்த தண்டலத்தைச் சூழ இன்று ஆலைகள் நிறைந்துள்ளன. அவ்வழியே செல்லும்பொழுதெல்லாம், இரும்பால் அம்புமுனை வடித்த பண்டைக் கொல்லனையே நான் நினைப்பதுண்டு.

திருநெல்வேலிச் சீமையின் ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜாகர் என்னும் ஜெர்மானியரும், 1899 தொடங்கி அலெக்சாண்டர் ரீ என்பாரும் அகழ்ந்தனர். ஆங்குத் தாழிகளோடு இரும்பு அம்புமுனைகளும் கிடைத்தன.

மானை வீழ்த்தும் முனை எத்தகையதாக இருத்தல் வேண்டும்? அம்பு, தடியைப்போல் மோதிக் கொல்வதில்லை. அறுத்துக் குருதி வடியச் செய்தே கொல்கிறது. ஆதலின் முனை அகன்று, இருபுறமும் கூராக இருத்தல் நன்று. ஆயின் மிக அகன்றுவிட்டால், வலிமை குன்றிய வில் அதனை ஆழச் செலுத்தாது. மிக ஒடுங்கினாலோ ஆழப் பாயும், புண் சிறிதாகும். மான் புதருள் ஓடி நெடுநேரம் துடிக்கும்; வேடன் மனையிலும் பசி தீராது. இவ்விரண்டிற்கும் நடுவறிந்து தேர்வதே வேட்டைக்கலை.

இரை மாறினால் முனையும் மாறும். இலங்கையின் ஃபா ஹியன் குகையில் கிடைத்த எலும்பு அம்புமுனைகள் ஏறத்தாழ 48,000 ஆண்டுப் பழமையுடையன என 2020-இல் ஆய்வாளர் அறிவித்தனர். அங்கு வாழ்ந்தோர் குரங்கையும் அணிலையுமே மிகுதியாக வேட்டையாடினர்; அச்சிற்றுயிர்களுக்கு மெல்லிய எலும்பு முனையே போதுமானதாயிற்று.

1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று மான் வேட்டை குற்றமாகும், அது முறையே. எனினும் அக்கலையின் அறிவு துருவேறிய இரும்பிலே தங்கியிருக்கிறது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூர்ப் பொருள்களைக் காணும்பொழுது, அவற்றின் வயதைக் கேட்பதோடு நில்லாதீர்கள். எந்த உயிருக்காக, எந்த வில்லுக்காக வடித்தனர் என்றும் கேளுங்கள்.