டர்போ காருக்கு ஸ்பார்க் பிளக் மாத்தப் போறீங்களா? கடைக்குப் போகும் முன் இதைப் படிச்சிடுங்க

சனிக்கிழமை காலை மைசூரு ஹெப்பாளில் இருந்து கிளம்பி, பெங்களூரு எக்ஸ்பிரஸ்வேயில் ஏறி ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறீங்க. டர்போ இழுக்க ஆரம்பிக்கும் இடத்தில் வண்டி ஒரு நொடி வெட்டி இழுக்குது. ஆனால் சிக்னலில் நிற்கும்போது எந்தப் பிரச்னையும் இல்லை. முதலில் பார்க்க வேண்டியது ஸ்பார்க் பிளக்கைத்தான்.

ஐ20 என் லைன், போலோ ஜிடி டிஎஸ்ஐ, ஆக்டேவியா விஆர்எஸ் என எந்த டர்போ பெட்ரோல் கார் வைத்திருந்தாலும் இந்த விஷயங்கள் பொருந்தும்.

டர்போவுக்கு ஏன் தனிக் கவனம்?

டர்போ அதிகக் காற்றை சிலிண்டருக்குள் திணிக்கிறது. அழுத்தம் கூடக் கூட, பிளக்கின் இடைவெளியைத் தாண்டித் தீப்பொறி பாய அதிக வோல்டேஜ் தேவை. தேய்ந்த பிளக்கில் இடைவெளி அகன்றிருக்கும். அதனால் லோடு இல்லாதபோது வேலை செய்யும் பிளக், முழு பூஸ்ட்டில் கைவிட்டுவிடும். இதுதான் மிஸ்ஃபயர்.

அப்படியே ஓட்டினால் எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுக்கும். பிளக் செட்டின் விலையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு பல மடங்கு.

'ஹாட்', 'கோல்டு' என்றால் என்ன?

இது தீப்பொறியின் சூடு அல்ல. பிளக்கின் நுனி எவ்வளவு வேகமாக வெப்பத்தை இன்ஜின் ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதுதான் ஹீட் ரேஞ்ச். நுனி சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் கரி தானாக எரிந்து சுத்தமாகும். 850 டிகிரியைத் தாண்டினால் நுனியே நெருப்புத் துண்டு மாதிரி ஆகி, தீப்பொறி வரும் முன்பே பெட்ரோலைப் பற்றவைக்கும். அப்படி நடந்தால் பிஸ்டனே ஓட்டையாகலாம்.

மைசூருக்கு இந்தப் பாடம் புதிதல்ல. ஐடியல் ஜாவா ஆலை 1961 முதல் 1996 வரை இங்கேதான் இயங்கியது. எஸ்டி ஓட்டிய உங்கள் மாமாவையோ பெரியப்பாவையோ கேட்டுப் பாருங்க. பெட்ரோலோடு ஆயிலும் கலந்து எரியும் டூ-ஸ்ட்ரோக் வண்டி என்பதால், பிளக்கில் கரி பிடிப்பது சகஜம்; டூல் பாக்ஸில் ஒரு ஸ்பேர் பிளக் இருக்கும். தேவைக்கு மேல் 'கோல்டு' பிளக் போட்டால், இன்றைய காரிலும் அதே கரிப் பிரச்னைதான்.

எண்ணைப் பார்த்து ஏமாறாதீங்க

என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் 'கோல்டு'. பாஷில் நேர் எதிர்: எண் குறைந்தால்தான் 'கோல்டு'. என்ஜிகே 6-க்கு இணையானது பாஷ் 7. ஒரு படி 'கோல்டு' வேண்டும் என்று பாஷில் 8 வாங்கினால், நீங்க வாங்கியது ஒரு படி 'ஹாட்'!

ரீமேப் செய்த வண்டிக்கு?

கூடுதலாக ஏறும் ஒவ்வொரு 75 முதல் 100 குதிரைத்திறனுக்கும் ஒரு படி 'கோல்டு' என்பது பொதுவான கணக்கு. ரீமேப் செய்யாத காருக்கு ஓனர்ஸ் மேனுவலில் உள்ள பிளக்கே போதும். 1.0 லிட்டர் இன்ஜினில் வெறும் சாஃப்ட்வேர் ரீமேப் அவ்வளவு சக்தியைக் கூட்டாது. ஆகவே, ட்யூன் செய்தவர் சொன்னால் ஒரு படி மாற்றலாம். 'ரேஸிங் பிளக் போட்டா பிக்கப் ஏறும்' என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம்.

இடைவெளி எவ்வளவு?

டர்போ இன்ஜின்களில் பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை இருக்கும். டர்போ இல்லாத பல கார்களில் 1.1 வரை போகும். உங்கள் காருக்கான சரியான அளவு மேனுவலில் இருக்கும். புது பிளக்கையும் அளந்துதான் மாட்ட வேண்டும். இரிடியம் பிளக்கில் நடு எலெக்ட்ரோடு ஊசி போல மெல்லியது; அதில் கருவியை வைத்து நெம்பினால் உடைந்துவிடும்.

நிக்கலா, இரிடியமா?

நிக்கல் 1,455 டிகிரியில் உருகும், பிளாட்டினம் 1,768-ல், இரிடியம் 2,446-ல். அதனால் இரிடியம் மெதுவாகத் தேயும், விலையும் அதிகம். நிக்கல் மலிவு, ஆனால் சீக்கிரம் மாற்ற வேண்டியிருக்கும். கம்பெனி இரிடியம் கொடுத்திருந்தால், காசு மிச்சம் என்று நிக்கலுக்கு இறங்காதீங்க. இறங்கினால், மாற்றும் இடைவெளியையும் குறைச்சுக்கணும்.

மாட்டும்போது கவனிக்க

• இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே கழற்றுங்க.
• மரையின் நீளம் பழைய பிளக்கோடு ஒத்துப்போகணும். நீளம் கூடினால் பிஸ்டனில் இடிக்கலாம்.
• முதலில் கையால் திருகுங்க. பிறகு டார்க் ரென்ச். அலுமினிய ஹெட்டில் 14 மி.மீ. மரைக்கு 25–30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. மரைக்கு 15–20 என்பது பொது அளவு. மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி.
• எல்லா சிலிண்டருக்கும் ஒரே நேரத்தில் மாற்றுங்க.
• போலிகள் உண்டு. நம்பகமான டீலரிடம் பில்லோடு வாங்குங்க.

கழற்றிய பழைய பிளக்கைத் தூக்கிப் போடாதீங்க. நுனி இளம் பழுப்பு என்றால் இன்ஜின் நலம். கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது பிளக் ரொம்ப 'கோல்டு'. வெளுத்து, கொப்புளம் போட்டிருந்தால் அதிகச் சூடு. அப்படி இருந்தால் புது பிளக் மாட்டியதோடு நிறுத்தாமல், காரணத்தை மெக்கானிக்கிடம் காட்டிய பிறகு ஊட்டி மலை ஏறுங்க.