மென்பந்தாட்டமும் முகக்கவசமும்: ஒரு வரலாற்று நோக்கு

விளையாட்டுகளின் வரலாறு பெரும்பாலும் வெற்றிகளின் வரலாறாகவும், பந்து, மட்டை என்பவற்றின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆடுவோரின் உடலைக் காக்கும் கருவிகள் அவ்வரலாற்றின் ஓரத்திலேயே இடம்பெறுவன. ஆயினும் அக்கருவிகள் எப்போது தோன்றின, அவற்றை மக்கள் ஏற்றுக்கொள்ள எவ்வளவு காலஞ் சென்றது என்பவற்றை நோக்குமிடத்து, ஒரு சமூகம் எதனைத் துணிவெனக் கருதியது, அஞ்சுவதற்கான உரிமையை எவருக்கு வழங்கி எவருக்கு மறுத்தது என்பன புலனாகின்றன. அமெரிக்காவில் மென்பந்தாடும் சிறுமியர் களத்தடுப்பின்போது அணியும் முகக்கவசம் இவ்வகையில் ஆராயத்தக்கதாகும். இஃது இருபத்தோராம் நூற்றாண்டின் முதலிரு தசாப்தங்களிலேயே பரவலான வழக்குக்கு வந்தது. ஆனால் இதனைச் செய்வதற்கு வேண்டிய அறிவு 1877ஆம் ஆண்டிலேயே அந்நாட்டில் இருந்தது. இடைப்பட்ட நூற்றாண்டுக்கும் மேற்பட்ட தாமதத்திற்குக் கம்பியோ தோலோ கிடையாமை காரணமன்று. வெட்கமே பெருங்காரணமாயிற்று.

மென்பந்து என்றதும் இலங்கை வாசகருக்கு நினைவில் எழுவது ரெனிஸ் பந்து கொண்டு ஆடப்படும் கிறிக்கெற்றே. பாடசாலை முற்றத்திலும் கோயில் வெளியிலும் ஆடப்படும் அந்த ஆட்டத்தில் பந்து முகத்திற் பட்டால் கன்னஞ் சிவக்கும்; அவ்வளவே. ஈண்டுக் கூறப்படுவது வேறோர் ஆட்டம். 1887ஆம் ஆண்டு நன்றி நவிலல் நாளன்று சிக்காக்கோவிலுள்ள பரகற் படகுக் கழகத்தில், யேல், ஹாவார்ட் பல்கலைக்கழகங்களின் உதைபந்தாட்ட முடிவை அறியக் கூடியிருந்த இளைஞர்களிடையே அது தோன்றியது. முடிவு அறிந்த மகிழ்ச்சியில் ஒருவர் எறிந்த குத்துச்சண்டைக் கையுறையை மற்றொருவர் கோலொன்றினால் அடித்தார். அதனைக் கண்ட ஜோர்ஜ் ஹான்கொக் என்பவர் அக்கையுறையையே பந்தாகக் கட்டி, மண்டபத்துள் ஆடத்தக்க பேஸ்போல் ஆட்டமொன்றை வகுத்தார். சொவ்ற்போல் என்னும் பெயர் 1926ஆம் ஆண்டளவிலேயே அதற்குச் சூட்டப்பட்டது.

தொடக்கத்திற் பந்து மென்மையாகவே இருந்தது. பின்னர் ஆட்டம் மண்டபத்தைவிட்டு வெளியேறியது, பந்தும் இறுகியது, பெயர் மட்டும் மாறவில்லை. இன்றைய பந்தின் சுற்றளவு 12 அங்குலம். நிறை ஆறே கால் முதல் ஏழு அவுன்சு வரை. பேஸ்போல் பந்து ஐந்தே கால் அவுன்சைத் தாண்டுவதில்லை. விரைவெறி ஆட்டத்துக்கென நெடுங்காலம் வழக்கிலிருந்த பந்துகள் சிலவற்றைக் கால் அங்குலம் அமுக்குவதற்கு 375 இறாத்தல் விசை வேண்டும். இதனை மென்பந்து என வழங்குதல் மரபு பற்றியதேயன்றிப் பொருள் பற்றியதன்று. இப்பெயரே பெற்றோர் பலரை மயங்கச் செய்திருக்கும் என்று எண்ணவும் இடமுண்டு.

இறுகிய பந்தோடு களத்தின் அளவையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். பேஸ்போலில் தளத்திற்குத் தளம் 90 அடி. எறிவாளர் நிற்பது 60 அடி 6 அங்குலத் தொலைவில். மென்பந்தாட்டத்தில் தளங்களிடையே 60 அடியே உண்டு. அமெரிக்க உயர்நிலைப் பாடசாலைகளில் எறிதூரம் 2010-11 பருவம் வரை 40 அடியாகவிருந்து, அதன்பின் 43 அடியாயிற்று. பத்து வயதுக்குட்பட்ட சிறுமியர்க்கு அது 35 அடி. எறிந்து முடிக்கையில் எறிவாளர் முன்னோக்கி அடியெடுத்து வைத்துவிடுவதால், 43 அடி என்பது உண்மையில் 38 அடியளவாகக் குறுகிவிடுகின்றது. மட்டையிலிருந்து பந்து மணிக்கு 70 மைல் வேகத்தில் நேரே திரும்பி வருவதாகக் கொள்வோமாயின், 38 அடியைக் கடக்க அதற்கு வேண்டுவது ஏறத்தாழ 0.37 வினாடி. கண் கண்டதற்குக் கை அசையத் தொடங்கவே அதில் பாதிக்கு மேற் கழிந்துவிடும். மூன்றாந் தளக் காப்பாளரின் நிலை இதனினும் இடரானது. மட்டையை வீசாது பந்தை மெல்லத் தட்டிவிடும் உத்தியை எதிர்பார்த்து அவர் முன்னே நகர்ந்து வந்து நிற்பார். துடுப்பாளர் தட்டுவதுபோற் பாவனை செய்து இறுதிக்கணத்தில் முழுவீச்சாக அடித்தால், அடி விழும் இடம் அவர் முகமே.

இனிக் கவசத்தின் வரலாற்றுக்கு வருவோம். பேஸ்போல் ஆட்டத்தின் தொடக்க காலத்தில் எவரும் கையுறைகூட அணிந்திலர். 1875ஆம் ஆண்டில் சார்ல்ஸ் வெய்ற் என்னும் வீரர் கையுறை அணிந்து களமிறங்கினார். அக்கையுறை தோலின் நிறத்ததாக இருந்தது. பார்ப்போர் கண்ணுக்கு அது தெரிந்துவிடலாகாது என்பதே அந்நிறத்திற்குக் காரணம். தன் கையைக் காப்பதற்கு ஒரு மனிதன் நாணிய இச்செய்தி, பின்வந்த நூற்றாண்டு முழுமைக்கும் முன்னுரை போல் அமைந்துள்ளது.

இரண்டாண்டுகளின் பின்னர் முகக்கவசம் வந்தது. ஹாவார்ட் பல்கலைக்கழகக் குழுவில் ஜேம்ஸ் ரைங் என்பவர் துடுப்பாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கெச்சராக நிறுத்தப்பட்டார். மட்டையில் உராய்ந்து திசைமாறும் பந்துகள் முகத்திற் படும் என்ற தயக்கம் அவருக்கு இருந்தது. அவரை இழக்க விரும்பாத பிரெட்றிக் தேயர், வாட்போர்ப் பயிற்சியில் அணியும் முகமூடியை முன்மாதிரியாகக் கொண்டு, தடித்த கம்பியாலான கூண்டொன்றைச் செய்வித்தார். 1877 ஏப்ரலில் மசச்சூசெற்ஸ் மாநிலத்து லின் நகரில் லைவ் ஓக்ஸ் குழுவுக்கெதிராக ரைங் அதனை அணிந்து ஆடினார். பார்வையாளரும் பத்திரிகையாளரும் எள்ளி நகையாடினர். 1878இல் தேயர் அதற்குக் காப்புரிமை பெற்றார். கெச்சர்கள் படிப்படியாக அதனை ஏற்றுக்கொண்டனர், நகைப்பும் அடங்கியது. ஆனால் 1907இல் ரொஜர் பிரெஸ்னகன் என்னும் கெச்சர் முழந்தாளுக்குக் கீழே காற்காப்பு அணிந்து வந்தபோது அதே நகைப்பு மீண்டும் எழுந்தது. முப்பதாண்டுகளுக்கு முன் முகத்தைக் காத்தவனைப் பழித்து, பின்னர் தாம் பழித்ததையே வழமையாக்கிக் கொண்டோர், கணுக்காலைக் காத்தவனைப் பழிக்கத் தயங்கவில்லை!

துடுப்பாளரின் வரலாறு இதனிலும் துயர் மிக்கது. 1920 ஓகஸ்ற் 16இல் கிளீவ்லன்ட் குழுவின் றே சப்மன் எறிபந்து தலையிற் பட்டு மறுநாள் இறந்தார். எனினும் பெருங்கழகங்களிற் புதிதாகச் சேர்வோர்க்குத் தலைக்கவசம் கட்டாயமானது 1971ஆம் ஆண்டிலேயாகும். கெச்சரும் துடுப்பாளரும் பந்து தம்மை நோக்கி எறியப்படும் என்பதை அறிந்து நிற்போர். அவர்க்கான கவசத்தை விதிகள் தாமதித்தேனும் ஏற்றன. பந்து வருமோ வராதோ என்றறியாது நிற்கும் களத்தடுப்பாளரை அவை நெடுங்காலம் எண்ணிப் பார்க்கவில்லை. 1957 மே 7ஆம் நாள், அதே கிளீவ்லன்ட் குழுவின் எறிவாளரும் இருபத்துமூன்று வயதினருமான ஹேர்ப் ஸ்கோரின் கண்ணை, கில் மக்டூகல் அடித்த நேரடிப் பந்து தாக்கியது. அவர் மீண்டும் ஆடவந்தபோதும் முன்னைய நிலையை எய்தவில்லை. அந்நிகழ்ச்சியின் பின்னரும் எறிவாளரின் முகத்திற்குக் கவசம் எதுவும் விதிக்கப்படவில்லை.

பனித்தள ஹொக்கியிலும் இதே கதையைக் காணலாம். மொன்றியல் குழுவின் கோல்காப்பாளர் ஜாக் பிளான்ற் பயிற்சியின்போது முகக்கவசம் அணிவார்; போட்டியில் அணிவதைப் பயிற்றுநர் விரும்பவில்லை. 1959 நவம்பர் 1ஆம் நாள் நியூயோர்க்கில் அடியொன்று அவர் முகத்தைக் கிழித்தது. தையலிட்ட பின்னர், கவசமின்றிக் களத்திற்குத் திரும்பேன் என அவர் மறுத்தார். மாற்றுக் கோல்காப்பாளர் இல்லாமையாற் பயிற்றுநர் இணங்க வேண்டியதாயிற்று. மொன்றியல் 3-1 என வென்றது. இந்நிகழ்ச்சி பலராலும் எடுத்துரைக்கப்படுகின்றது. ஆனால் அதற்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் முன்னரே, 1927இல், கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழக மகளிர் குழுவின் கோல்காப்பாளர் எலிசபெத் கிரகம் வாட்போர் முகமூடி அணிந்து ஆடியுள்ளார். ஒரு பெண் அணிந்தது வேடிக்கையாகக் கொள்ளப்பட்டு மறக்கப்பட்டது. புகழ்பெற்ற ஓர் ஆண் அணிந்தது புரட்சியெனப் பதிவாயிற்று. வரலாறு எழுதுவோரின் சார்பு இதில் வெளிப்படையாகத் தெரிகின்றது.

மென்பந்தாட்டத்திலோ இந்நிலை தலைகீழாயிற்று. 1972இல் நிறைவேறிய ஒன்பதாந் தலைப்புச் சட்டம், கூட்டாட்சி நிதி பெறும் கல்வி நிலையங்களில் பாலடிப்படையில் வேறுபாடு காட்டுவதைத் தடைசெய்தது. அதன் விளைவாகப் பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பெண்களின் மென்பந்தாட்டம் விரைந்து வளர்ந்தது; 1996இல் அத்லாந்தா ஒலிம்பிக் விழாவிலும் இடம்பெற்றது. அதே காலத்தில் மர மட்டை போய் அலுமினிய மட்டை வந்தது. பின்னர் கூட்டிழைப் பொருளாலான மட்டையும் வந்தது. சிறுமியரின் பயிற்சி செறிந்தது, அடி வலுத்தது. களத்தின் அளவு பெரிதும் மாறாதிருக்கப் பந்தின் வேகம் மட்டும் கூடிற்று. இரண்டாயிரமாம் ஆண்டுகளில் களத்தடுப்பாளருக்கென இலேசான முகக்கவசங்கள் கடைகளுக்கு வந்தன. உருக்குக் கம்பியாலோ வன்பிளாத்திக்காலோ ஆன அச்சட்டம், நெற்றி, கன்னம், நாடி ஆகிய இடங்களில் மெத்தைபோன்ற நுரைப்பொருளிற் பொருந்தி, தலையின் பின்னே வாரால் இறுக்கப்படும். கண்களுக்கு முன்னால் அகன்ற வெளி விடப்படும். ஆயினும் நான்கங்குலத்திற்குச் சற்றுக் குறைந்த விட்டமுடைய பந்து அதனூடே புகாது. அடியின் விசை மூக்கெலும்பிலோ கண்குழி எலும்பிலோ ஒருங்கே விழாமல் நெற்றிக்கும் நாடிக்குமாகப் பகிரப்படும். கெச்சரின் கூண்டைக் காட்டிலும் எளிய கருவி இது. தேயர் காலத்துக் கொல்லரும் இதனைச் செய்திருப்பர்.

இதனை முதலில் அணிந்த சிறுமியர்க்கும் பழைய பழிச்சொல்லே கிடைத்தது. பந்துக்கு அஞ்சுகின்றாள் என்றனர் சிலர். கவசம் இருந்தாற் கைத்திறன் வளராது என்றனர் வேறு சிலர். திறன் பற்றிய வாதம் ஆராயத்தக்கது. நல்ல பயிற்சி பெற்றவர் கையுறையை உரிய நேரத்தில் முகத்தருகே கொண்டுவருவார் என்பது மெய்யே. ஆனால் நிலத்தில் எதிர்பாராது துள்ளி எழும் பந்து பயிற்சியைப் பார்த்து எழுவதில்லை. கவசத்தை அணிந்தோர் திறன் குன்றியதற்கும் சான்றில்லை. பல்கலைக்கழக மட்டத்தின் உயரிய போட்டிகளிலேயே எறிவாளரும் மூன்றாந் தளக் காப்பாளரும் அதனை அணிந்து ஆடலாயினர். அவர்களைத் தொலைக்காட்சியிற் கண்ட சிறுமியர்க்கு அது சீருடையின் ஒரு பகுதியாகவே தோன்றியிருத்தல் வேண்டும்.

பெண்பிள்ளையின் அழகு கெடலாகாது என்பதற்காகவே கவசம் என்று கூறுவாரும் உளர். இக்கூற்று இருமடங்கு தவறானது. உடைவது எலும்பு, இழப்பது பார்வை, இவற்றில் ஆண் பெண் என்ற பேதமில்லை. அன்றியும், இக்கருத்தினால் தீங்குறுவோர் ஆண்பிள்ளைகளே. பேஸ்போல் ஆடும் பன்னிரண்டு வயதுச் சிறுவனின் முகமும் அதேயளவு நொய்தானது. ஆயினும் அவன் தளத்திற் கவசமணிந்து நிற்றல் அரிது. தங்கை அணிய, தமையன் வெறுமுகத்தோடு நிற்கும் குடும்பங்கள் அங்கு உண்டு.

கிறிக்கெற்றிலும் வெட்கம் ஒன்றே கவசத்திற்குத் தடையாக இருந்ததில்லை. 1998 பெப்ரவரி 20இல் டாக்காவில் நடைபெற்ற கழகப் போட்டியொன்றில் இந்திய வீரர் ராமன் லம்பா துடுப்பாளருக்கு மிக அண்மையிற் களத்தடுப்புக்குச் சென்றார். ஓவரில் மூன்று பந்துகளே எஞ்சியிருந்தமையால் தலைக்கவசம் வேண்டாமென்றார் என்பர். பந்து நெற்றிப்பொட்டிற் பட்டது. மூன்றாம் நாள் அவர் உயிர் பிரிந்தது. சிறிது நேரந்தானே என்ற எண்ணமும் வெட்கத்தைப் போன்றே கொல்லவல்லது.

2007 யூலை 22ஆம் நாள் ஆர்க்கன்சா மாநிலத்தில், சிறுகழகப் போட்டியொன்றில் முதலாந் தளத்தருகே நின்ற பயிற்றுநர் மைக் கூல்போ, கழுத்திற் பந்து பட்டு இறந்தார். தலைக்கவசம் அணிந்திருந்தாலும் அவ்வடி அவரைக் கொன்றிருக்கக்கூடும். ஆயினும் அடுத்த பருவமாகிய 2008 முதல், தளத்தருகே நிற்கும் பயிற்றுநர் அனைவருக்கும் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. ஊதியம் பெறும் வளர்ந்த ஆடவர்க்காக ஓராண்டிற்குள் விதி பிறந்தது. அவர்களிலும் அண்மையில், 35 அடித் தொலைவில் நின்று எறியும் ஒன்பது வயதுச் சிறுமியின் முகமோ, பல இடங்களில் இன்றும் பெற்றோரின் விருப்பத்திற்கும் அவர்தம் பணப்பைக்குமே விடப்பட்டுள்ளது.