சலஞ்சலம்: இல்லாத சங்கின் இயல் வரலாறு

சங்கினத்துள் சலஞ்சலம் என ஒன்று தமிழ் நூல்களில் பேசப்படுகிறது. சீவகசிந்தாமணியில் அது வலம்புரியோடு சேர்ந்து உவமையாக வருகிறது. நிகண்டு மரபும் உரைமரபும் அதனை எடுத்தோதுகின்றன. இக்காலக் குறிப்புரைகளோ 'ஒருவகைச் சங்கு' என்று பொருள் எழுதி மேற்செல்கின்றன. அப்பொருளைக் கொண்ட மாணவர், மன்னார்க் கடலில் அவ்வாறு ஒரு வகை உண்டு போலும் எனக் கருதுதல் இயல்பே. ஆயின், விலங்கியலார் வகுத்த இனங்களுள் இப்பெயர்க்கு உரியதென ஒன்றனைச் சுட்ட இயலாது. இல்லாத உயிர் ஒன்றற்கு இடமும் இனமும் சுற்றமும் தலைமையும் வகுத்து வைத்த மரபு எவ்வாறு தோன்றியது, அதன்கண் கண்டது எவ்வளவு, கருதியது எவ்வளவு என்பதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரபு கூறும் அடுக்கு

முதற்கண் மரபு கூறும் செய்தியைக் காண்போம். ஆயிரம் இப்பியாற் சூழப்பெறுவது இடம்புரி. ஆயிரம் இடம்புரியாற் சூழப்பெறுவது வலம்புரி. ஆயிரம் வலம்புரியாற் சூழப்பெறுவது சலஞ்சலம். ஆயிரம் சலஞ்சலத்தாற் சூழப்பெறுவது பாஞ்சசன்னியம் என்பதே அதன் சுருக்கம். இதனைக் கணக்கிட்டுப் பார்ப்பின் உண்மை விளங்கும். பாஞ்சசன்னியம் ஒன்றனைச் சூழ ஆயிரம் சலஞ்சலமும், பத்து இலட்சம் வலம்புரியும், நூறு கோடி இடம்புரியும், இலட்சம் கோடி இப்பியும் வேண்டும். இது கடலில் எண்ணிக் கண்ட கணக்கன்று; ஆயிரத்தை ஆயிரத்தாற் பெருக்கிச் சென்ற கணக்கே என்பது தெளிவு.

இவ்வடுக்கில் மற்றொரு நுட்பமும் நோக்கத்தக்கது. இப்பியை இரட்டை ஓட்டினாலும், இடம்புரியையும் வலம்புரியையும் புரியின் திசையினாலும் கண்ணாற் கண்டு வேறுபடுத்தலாம். கொங்குநாட்டுச் சீனாபுரத்தவர் எனக் கூறப்படும் பவணந்தியார், பெயரை இடுகுறி என்றும் காரணம் என்றும் நன்னூலிற் பகுத்துரைப்பர். அப்பகுப்பின்படி இடம்புரியும் வலம்புரியும் காரணப்பெயர்கள். அக்காரணம் ஓட்டிலேயே காணக்கிடப்பது. சலஞ்சலத்திற்கோ இவ்வாய்பாடு நிறமோ அளவோ புரியோ கூறவில்லை. 'ஆயிரம் வலம்புரி சூழ்ந்தது' என்னும் ஒன்றே அதன் இலக்கணம். தன்பால் ஓர் அடையாளமும் இன்றிச் சூழ்ந்தவற்றின் தொகையால் மட்டும் அறியப்படுவது இனம் ஆகாது. அது பதவியே ஆகும். சலஞ்சலம் என்பது சங்கின் வகைப்பெயர் அன்று, சங்கினத்துள் ஒரு நிலைப்பெயர் என்பது நம் துணிபு.

கண்டது எவ்வளவு

இனி, இவ்வடுக்கின் கீழ்ப்படிகளை நோக்குவோம். நம் கடலிற் கிடைக்கும் சங்கு, விலங்கியலார் 'டர்பினெல்லா பைரம்' என வழங்கும் இனத்தது. 1767இல் லின்னேயசால் பெயரிடப்பெற்றது. சென்னை மாகாண மீன்துறையைச் சார்ந்த ஜேம்சு ஹார்னெல் 1914இல் இந்தியச் சங்கினைப் பற்றித் தனிநூல் ஒன்று வெளியிட்டார். இவ்வுயிர் மணற்பாங்கான கடலடியில் வாழ்ந்து, மணலில் உறையும் புழுக்களை உண்பது. இதன் முட்டைக்கூடு ஆட்டுக்கிடாயின் கொம்பு போல் முறுக்குண்டு, அறை அறையாக அமைந்து, மணலில் ஊன்றி நிற்கும். குஞ்சுகள் நீரில் மிதந்து திரியும் பருவம் இன்றி, சிறு சங்குகளாகவே வெளிப்பட்டு ஊர்ந்து செல்லும். ஆதலின் அவை பிறந்த இடத்தின் அருகிலேயே தங்குதல் இயல்பு. ஒரே மணற்பரப்பில் சங்குகள் கூட்டமாக இருப்பதற்கு இது காரணமாகும். குளிப்போர் ஓரிடத்தில் திரள் திரளாகச் சங்கினைக் கண்ட பட்டறிவே 'சூழ்தல்' என்னும் கருத்திற்கு வித்தாயிருத்தல் கூடும்.

வலம்புரியைப் பற்றியும் ஒரு விளக்கம் இன்றியமையாதது. விலங்கியலார் சங்கின் முடிப்பகுதியை மேலாகவும் வாயைத் தம்மை நோக்கியும் வைத்துப் பார்ப்பர். அப்போது பெரும்பாலான சங்குகளின் வாய் வலப்பக்கம் அமையும். நம் மரபினரோ நீர் வார்க்கும் நுனியை மேலாக வைத்து நோக்குவர். அவ்வாறு நோக்குங்கால் அதே வாய் இடப்பக்கம் அமையும். எனவே, நாம் இடம்புரி என்பதனை அவர் வலச்சுழி என்பர். நாம் வலம்புரி என்பதனை இடச்சுழி என்பர். பார்வை முறையால் பெயர் மாறியதேயன்றிப் பொருள் மாறவில்லை. இவ்வேறுபாட்டை அறியாதார், நூல் ஒன்று கூற அறிவியல் பிறிதொன்று கூறுவதாக மயங்குவர்.

வலம்புரி தனி இனமன்று. அது இடம்புரிச் சங்கினத்துள்ளேயே மிக அரிதாகத் தோன்றும் மாற்றுச்சுழி உடையது. நன்னீர் நத்தை ஒன்றில் சுழல்திசை தாய்வழி மரபுக்கூறு ஒன்றால் முடிவாகிறது என்பதை இருபதாம் நூற்றாண்டின் ஆய்வு நிறுவியது. இதனை நோக்க, புரி மாறுதல் பிறப்பின்கண் நேரும் வேறுபாடே அன்றி ஆட்சியோ உயர்வோ அன்று என்பது போதரும். எனினும், இடம்புரி பல, வலம்புரி அரிது என்ற அளவில் மரபு கூறியது முற்றும் உண்மை. ஆயிரம் என்னும் எண்ணும் ஈண்டு மிகைப்படக் கூறியதன்று. உண்மையிற் குறைவாகக் கூறியதே எனலாம். கண்ட ஒருபடி அருமையை மரபினர் கருத்தினால் மேலும் இருபடி ஏற்றினர். சலஞ்சலம் பிறந்தது அவ்வேற்றத்தில்தான்.

கொங்குநாட்டுச் சான்று

கடல் காணாத கொங்குநாடு சங்கினை அறிந்த முறை இவ்வாய்விற்குத் துணைசெய்வது. நொய்யலாற்றின் வடகரையில் உள்ள கொடுமணலிற் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் பல பருவங்களில் அகழாய்வு நடத்தியது. பின்னர்ப் பிறரும் தொடர்ந்தனர். இரும்பு உருக்கிய உலைகளும், பச்சைக்கல் முதலிய மணிகள் செய்த தொழிற்கூடச் சான்றுகளும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் ஆங்குக் கிடைத்தன. அவற்றோடு சங்கு வளையல்களும் அறுத்த சங்குத் துண்டுகளும் வெளிப்பட்டன. கிழக்கிலும் மேற்கிலும் கடல் 150 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் இருப்பவும், சங்கு இவ்வூருக்கு வந்து சேர்ந்துள்ளது. பதிற்றுப்பத்தின் 67, 74ஆம் பாடல்கள் கொடுமணத்தையும் கடற்கரைப் பந்தரையும் அடுத்தடுத்துக் கூறுகின்றன. உள்நாட்டுத் தொழிலூரையும் முத்து விளங்கும் பட்டினத்தையும் புலவர் ஒருங்கே நினைத்தனர் என்பதற்கு அகழாய்வு உரைகல்லாக அமைந்தது.

சங்கறுப்பாரின் கைத்தொழிலைப் புலவர் எவ்வளவு கூர்ந்து நோக்கினர் என்பதற்கு அகநானூற்றின் 24ஆம் பாடல் சான்று. வேள்வி செய்யாத பார்ப்பான் அரத்தால் வளையறுத்த பின் எஞ்சிக் கிடக்கும் சங்கின் தலைப்பகுதியை, முறுக்கு அவிழாத பகன்றை அரும்பிற்கு ஆவூர் மூலங்கிழார் உவமையாக்குகிறார். வளையலன்று, கழிவே அவர்தம் கண்ணிற் பட்டது. சங்கின் புரியையும் அரும்பின் முறுக்கையும் ஒப்பிடுதற்கு இரண்டையும் நேரிற் கண்டிருத்தல் வேண்டும். மதுரைக்காஞ்சியும் கொற்கையிற் சங்கு குளிப்போர் இருப்பைக் கூறும். இப்பாடல்களிற் சங்கு ஒரு தொழிற்பொருளாகவும் வாழ்க்கைப்பொருளாகவும் நிற்கிறது.

இதனின் வேறானது பொருள்களை வகுத்தும் தொகுத்தும் உரைக்கும் நூல்மரபு. சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார் கொங்குநாட்டு நிரம்பையைச் சார்ந்தவர். பொப்பண்ண காங்கேயர் கோனால் ஆதரிக்கப்பெற்றவர். அவர் ஊர்காண் காதை உரையில் மணிகளின் இயல்பையும் குணத்தையும் குற்றத்தையும் விரித்துரைக்கிறார். வடமொழியில் வராகமிகிரர் இயற்றிய பிருகத்சங்கிதை, இப்பியும் சங்கும் மட்டுமன்றி யானை, பாம்பு, முகில், மூங்கில், பன்றி முதலியனவும் முத்துப் பிறக்கும் இடங்கள் என்று எண்ணும். கண்ட இடத்தோடு காணாத இடத்தையும் ஒரே நிரலில் வைத்து எண்ணுதல் இத்தகு நூல்களின் இயல்பு. நிரலில் வைத்த அளவில் முகிலும் இப்பியும் ஒரு தன்மையவாகத் தோன்றும். சலஞ்சலமும் வலம்புரிக்கு அடுத்த படியில் வைக்கப்பட்ட அளவிலேயே வலம்புரி போல் உள்பொருளாயிற்று.

அரசும் சுற்றமும்

ஆயின், மேற்படிகளை நிரப்பிய கருத்து யாது? அதற்கு விடையாக ஓர் அயல்நாட்டுச் சான்று உண்டு. சந்திரகுப்த மோரியனின் அவைக்கு வந்த யவனத் தூதர் மெகசுதனீசு கூறியதாக, கி. பி. இரண்டாம் நூற்றாண்டினரான அர்ரியன் தம் இந்திகா என்னும் நூலில் ஒரு செய்தி தருகிறார். முத்துச்சிப்பிகள் தேனீக்களைப் போல் கூட்டமாக வாழும். அவற்றிற்கு அரசனோ அரசியோ உண்டு. தலைமைச் சிப்பி அகப்படின் ஏனையவற்றை எளிதிற் பிடிக்கலாம், அது தப்பின் பிற அகப்படா என்பது அச்செய்தி. கி. பி. முதல் நூற்றாண்டினரான பிளினியும் தம் இயற்கை வரலாற்றில் இத்தகைய தலைமைச் சிப்பியைக் குறிப்பர். உண்மையில் முத்துச்சிப்பி நார்போன்ற இழைகளாற் பாரைப் பற்றிக்கொண்டு கிடப்பது. தலைவனைத் தொடர்ந்து செல்லும் வாழ்க்கை அதற்கு இல்லை.

இவ்யவனச் செய்தியே தமிழ் வாய்பாட்டிற்கு மூலம் என்று கூற நாம் துணியவில்லை. கடல்வாழ் ஓட்டுயிர்களுக்கும் ஓர் அரசும் சூழும் படையும் உண்டு என்னும் கருத்து இந்நாட்டிற் பழமையானது என்ற அளவே இதனாற் பெறப்படும். மெகசுதனீசு கேட்ட கதையில் அரசு ஒன்று. தமிழ் மரபில் அது அடுக்கடுக்காக வளர்ந்து, சிற்றரசு, பேரரசு என்பன போன்று படிநிலை பெற்றது. அப்படியின் உச்சியில் திருமாலின் சங்கு வைக்கப்பட்டது. பாகவதம் கூறும் கதையிற் கண்ணன், தன் ஆசிரியர் சாந்தீபனியின் மகனைத் தேடிக் கடலுட் புகுந்து, சங்கு வடிவில் உறைந்த பஞ்சசனன் என்னும் அசுரனைக் கொன்று அச்சங்கினைக் கொண்டான். கீழே இப்பி, மேலே இறைவன் கைச்சங்கு. இவ்விரண்டற்கும் இடைப்பட்ட தொலைவை நிரப்பும் படியே சலஞ்சலம்.

இக்கருத்து ஏட்டளவில் நின்றுவிடவில்லை. கார்த்திகைத் திங்கட்கிழமைகளில் கொங்குநாட்டுச் சிவன்கோயில்களிலும் 108 அல்லது 1008 சங்குகளால் சங்காபிடேகம் நிகழ்வதுண்டு. நெல்லோ அரிசியோ பரப்பிய தளத்தில் நடுவே வலம்புரியை வைத்துச் சுற்றிலும் இடம்புரிகளை அடுக்குவர். ஆயிரம் சூழ ஒன்று நிற்றல் என்னும் வாய்பாடு ஈண்டுக் கண்முன் காட்சியாகிறது. கடலடியில் ஒருவரும் காணாத அரசவையைக் கொங்குநாட்டார் கோயிற் தளத்தில் ஆண்டுதோறும் காண்கின்றனர்.

உரைகாரர் கடன்

சலஞ்சலத்தை இல்பொருள் எனக் கூறுதலால் சிந்தாமணி உவமைக்கு இழுக்கு உண்டாகுமோ எனச் சிலர் ஐயுறலாம். உண்டாகாது. இல்பொருளை உவமையாகக் கொள்ளுதல் நம் அணிமரபிற்கு உடன்பாடே. அதனை இன்னதெனத் தெளியாது 'ஒருவகைச் சங்கு' என்று பொருள் எழுதுங்கால்தான் உவமையின் உயர்வு புலனாகாது போகும். வலம்புரியினும் ஆயிரமடங்கு அரியது என்னும் கருத்தை உணர்ந்தவனுக்கே அவ்வுவமையின் ஆற்றல் விளங்கும்.

இம்மயக்கம் ஏட்டுக்கு வெளியேயும் தீங்கு பயக்கிறது. அமெரிக்காவின் கிழக்குக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் 'லைட்னிங் வெல்க்' என்னும் பிறிதோர் இனம் வாழ்கிறது. அது தன் இயல்பிலேயே நம் வலம்புரி போற் சுழல்வது. அங்கு அரிதும் அன்று. அதன் ஓடு ஈண்டு வலம்புரி என்று பெருவிலைக்கு விற்கப்படுகிறது. உண்மைச் சங்கின் வாயினுள் நடுத்தண்டில் மூன்று அல்லது நான்கு மடிப்புகள் காணப்படும். அயலினத்தில் அவை இல்லை. வலம்புரியைத் தனி இனம் என எண்ணுவோன் புரியை மட்டும் நோக்கி ஏமாறுவான். அது நம் சங்கினத்தின் அரிய பிறப்பு என அறிந்தோன் முதலில் இனத்தை நோக்குவான், பின்னரே புரியை நோக்குவான்.

ஆகவே, பழைய நூல்களின் உயிர்ப்பெயர்களுக்குக் குறிப்பு எழுதுவோர், கண்டு கூறியது, கண்டதன்மேல் ஏற்றிக் கூறியது, கருதிக் கூறியது என மூவகையாகப் பிரித்து எழுதுதல் வேண்டும். அம்முறையில் இடம்புரியும் வலம்புரியும் கண்டு கூறியவை; ஆயிரம் சூழ்தல் ஏற்றிக் கூறியது; சலஞ்சலம் கருதிக் கூறியது. 'வலம்புரிக்கு மேற்பட்ட நிலையில் வைத்து மரபினர் கருதிய சங்கு. உலகிற் காணப்படாதது' என்று எழுதின் மாணவர்க்கு மயக்கம் நீங்கும். நூலாசிரியர் கருத்தும் நிலைபெறும். மன்னார்க் கடலில் சலஞ்சலத்தைத் தேடுதல் வீண். தமிழர் அருமையை அளந்து அடுக்கிய முறையை ஆராய்வோர்க்கோ அது இன்றியமையாச் சான்றாகும்.