ஒரு சட்டகம், இரண்டு கார்கள்

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அறுபது வயதைக் கடந்த நேயர்கள் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை மறந்திருக்கமாட்டார்கள். குர்லாவில் உருவான பியட் கார்கள் நிறைந்த பம்பாய் வீதிகளில், சென்னையை அடுத்த வண்டலூரில் பிறந்த இந்த இருகதவு வண்டியைக் காண்பதில் நம்மவர்க்கு ஒரு தனி உவகை. அதற்கு இங்கிலாந்தில் ஒரு தம்பி உண்டு என்பதைப் பலர் அறியார்.

ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனத்துக்கு உடற்கூடு செய்துவந்த பிஷர் அண்டு லட்லோ ஆலையை, 1953-இல் போட்டி நிறுவனமான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் விலைக்கு வாங்கிற்று. உடற்கூட்டை ஒரே வார்ப்பாகப் பெற வழியில்லை. ஆகவே, தனிச் சட்டகத்தின்மீது பகுதி பகுதியாகப் பூட்டப்படும் காராக ஹெரால்டு 1959-இல் வெளிவந்தது. உருவம் சமைத்தவர் இத்தாலியரான மிக்கெலாட்டி.

இடுக்கண் அங்கே வாய்ப்பாயிற்று. தனிச் சட்டகமானால் குறுக்கலாம். மேலே வேறு உடல் பூட்டலாம். சக்கர இடைவெளியை எட்டரை அங்குலம் சுருக்கி, இருவர் அமரும் திறந்த பந்தயக் காரொன்றை மிக்கெலாட்டியே வரைந்தார். அதற்குள் நிறுவனம் நொடித்தது. 1961-இல் அதை ஏற்ற லேலண்டு அதிகாரிகள், ஆலையின் மூலையொன்றில் துணி போர்த்திக் கிடந்த மாதிரி வண்டியைக் கண்டெடுத்தனர். போர்விமானத்தின் பெயரைத் தாங்கி, ஸ்பிட்பயர் என 1962-இல் அது லண்டன் கண்காட்சிக்கு வந்தது. 1147 கன சென்டிமீட்டர் எஞ்சின். 63 குதிரைத் திறன். ஜாகுவாரின் மிடுக்கு இதற்கு இல்லைதான். ஆனால் நீண்ட முகமும் தாழ்ந்த இடுப்பும் கொண்ட அவ்வடிவில் மிகையான கோடு ஒன்றுகூட இல்லை என்பேன்.

அண்ணனுக்கும் தம்பிக்கும் பொதுவான ஓர் அழகு, முன்மூடி. முகம் முழுவதும் முன்னோக்கிச் சாயும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே அமர்ந்து எஞ்சினைப் பழுது பார்க்கலாம்! பொதுவான குறை, பின்னச்சு. வேகமாக வளைவில் திரும்பினால் பின்சக்கரம் உட்புறம் மடங்கப் பார்க்கும்.

அந்நியச் செலாவணி அருகியிருந்த அந்நாளில் நமக்கு ஸ்பிட்பயர் கிட்டவில்லை. குடும்பத்தோடு கோயிலுக்குச் செல்வோருக்கு இருவர் அமரும் கார் எதற்கு என்பதும் நியாயமே. ஆயினும் சட்டகம் வண்டலூரில் இருந்தும் ஒன்றையேனும் செய்து பார்க்கவில்லையே என்ற ஏக்கம் எனக்குண்டு. நம் பொறியாளர்கள் வேறு வழி சென்றனர். பிரிட்டனிலேயே இல்லாத நான்குகதவு ஹெரால்டைப் படைத்தனர். 1972-இல் வந்த கெஸல் காரில் அந்தப் பின்னச்சை நீக்கி, நம் சாலைக்கேற்ற திண்ணிய அச்சைப் பூட்டினர்.