குருவில்லாக் காலத்துத் திருச்சபை

ஈழத்துக் கத்தோலிக்க சமய வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் குருமாரின் வருகையைக் கொண்டே காலப்பகுதிகளை வகுத்துள்ளனர். போர்த்துக்கேயர் காலத்துப் பிரான்சிஸ்கன் துறவிகளும் யேசு சபையினரும், பின்னர் கோவாவிலிருந்து வந்த ஒறற்றோரியன் சபையினர், 1847இல் வந்த அமலமரித் தியாகிகள் என அவ்வரலாறு அமையும். இப்பகுப்பில் ஓர் இடைவெளி உண்டு. யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைப்பட்ட 1658 தொடக்கம் யோசவ் வாஸ் அடிகளார் வந்திறங்கிய 1687 வரை, குருவானவர் எவரும் நிலையாகத் தங்காத ஏறத்தாழ முப்பது ஆண்டுகளே அவை. அவற்றை இருண்ட காலம் எனக் கூறிக் கடந்து செல்வது வழக்கமாயிற்று. ஈழத் தமிழ்க் கத்தோலிக்கரின் மரபு என இன்று போற்றப்படுவதில் பெரும்பங்கு அவ்விருளிலேயே வேர்கொண்டது என்பது கவனிக்கப்படுவதில்லை.

ஒல்லாந்தக் கும்பனி கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றி, அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தலை மரணதண்டனைக்குரிய குற்றமாக்கியது. கோவில்கள் புரட்டஸ்தாந்து ஆலயங்களாகவும் பள்ளிகளாகவும் மாறின. ஞானஸ்நானமும் விவாகமும் அவ்வாலயங்களிற் பதியப்பட்டாலன்றிச் சட்டத்தின் முன் செல்லுபடியாகா. முதுசொத்துரிமையும் அப்பதிவையே பற்றி நின்றது. ஆகவே, பகலிற் பதிவுக்காகச் சென்ற குடும்பமே இரவில் கதவடைத்துச் செபமாலை சொல்லிற்று. இதனை இரட்டை வேடம் எனக் கண்டித்தல் எளிது. காணியையும் பிள்ளைகளின் உரிமையையும் இழக்கத் துணியாத ஓர் உழவனின் நிலையில் நின்று நோக்கின் அக்கண்டனம் தளர்ந்துவிடும். அயலிலிருந்த சைவரும் இந்நெருக்கடிக்குத் தப்பவில்லை. விரத உணவுண்ட இலையைக் கூரை இறப்பிலே செருகி மறைத்தனர் என்பது யாழ்ப்பாணத்துச் செவிவழிச் செய்தி.

குருவில்லாத ஊர்களில் முதியோரே குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தனர்; மந்திரங்களை வாய்மொழியாகக் கற்பித்தனர். மாந்தையிலிருந்த மாதா சுரூபத்தை 1670ஆம் ஆண்டளவில் மடுக் காட்டிற்குள் கொண்டு சென்றவரும் சாதாரணக் குடிமக்களே. இருபது குடும்பங்கள் என மடுவின் மரபு கூறும். அவர்தம் பெயர்கள் வழக்கில் இல்லை. அச்சுரூபம் 2008 ஏப்ரலில் போரின் காரணமாக மீண்டும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குச் சென்றதும், அவ்வாண்டிலேயே மடு திரும்பியதும் இங்கு நினைவுகூரத்தக்கன.

1687இல் யோசவ் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். கழுத்திற் செபமாலையோடு வீடு வீடாகத் திரிந்து, அதனைக் கண்டு முகம் மலர்ந்தோரை இனங்கண்டார். பின்னர் சில்லாலையைத் தளமாகக் கொண்டு பணிபுரிந்தார். அவர் இங்கே திருச்சபையை நிறுவினார் என்பதிலும் கண்டெடுத்தார் என்பதே பொருந்தும். ஒரு குரு பல ஊர்களைச் சுற்றிவர நேர்ந்தமையால், மூப்பர், அண்ணாவியார் என்போரின் பொறுப்பிலேயே ஊர்க் கோவில்கள் நிலைபெற்றன. 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இந்நிலையை நன்கு உணர்ந்திருந்தார். அவரியற்றிய 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்தில் மக்களே கூடி இராகத்தோடு வாசிப்பதற்கு உகந்ததாய் அமைந்தது. பாடுகளின் கதை ஒப்பாரியின் சாயலோடு ஊர்ச்சனங்களின் செவியிற் புகுந்தது.

1806இல் ஆங்கிலேயர் தடைகளை நீக்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குருமார் தொகை பெருகப் பெருக, மூப்பரின் இடம் சுருங்கியது.

1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னர் வழிபாடு தமிழில் நிகழவும், பொதுநிலையினர் பீடத்தருகே நின்று வாசகம் வாசிக்கவும் வழி பிறந்தது. இதனை முற்றிலும் புதியதெனக் கொண்டோர் பலர். அண்ணாவியாரை அவர்கள் மறந்தனர் போலும். தமிழுக்கு இடமளித்த அதே காலம் பழைய சொற்களைப் பின்தள்ளியமை விந்தையே. ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று, பூசை திருப்பலியாயிற்று, அர்ச்சியசிட்டர் புனிதராயினர். புதுச்சொற்கள் தமிழ்த் தூய்மை உடையன என்பதில் ஐயமில்லை. ஆயினும் கொன்சால்வெஸ் அடிகளாரின் மொழி இவற்றால் இளந்தலைமுறைக்கு அந்நியமாயிற்று. பிரசங்கம் வாசிக்கப்படும் ஊர்களிலும், இராகம் பிசகாமல் அதனை வாசிப்போர் இன்று பெரும்பாலும் முதியோரே.