டயருக்கும் வயது இருக்கிறது

கொஞ்சம் நீளமான பதிவு. மாரி தொடங்குமுன் வாசித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டு வெசல் வாகனத்தை அண்மையில் பஞ்சர் ஒட்டக் கொண்டுபோனோம். டயரில் பள்ளங்கள் ஆழமாகத்தான் இருந்தன. வேலை செய்த தம்பி குனிந்து டயரின் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சேர், இது 2014ல செஞ்ச டயர். ஜப்பான்ல இருந்து வாகனத்தோட வந்ததுதான் இன்னும் ஓடுது." விரலால் அழுத்திக் காட்டினார். மயிரிழை போல வெடிப்புகள் சுற்றிவர இருந்தன.

வெட்கமாகப் போய்விட்டது. பால்மா பக்கற்றில் திகதி பார்த்து வாங்குகிறோம், பனடோல் அட்டையில்கூடத் திகதி பார்க்கிறோம். வீட்டார் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு ஓடும் டயரில் மட்டும் பார்த்ததில்லை. "தேயவில்லைதானே" என்று விட்டுவிட்டோம். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோது அதற்குள் ஒரு சரித்திரமே இருந்தது.

வாவிக் கரையில் நம் மூத்தாப்பாமார் காலத்துச் சில்லு மரச்சில்லு. சுற்றிவர இரும்புப் பட்டம். படுவான்கரை வயலிலிருந்து நெல் ஏற்றிய வண்டில்கள் அதில்தான் ஓடின. அது தேயுமே தவிர வெடிக்காது. "தேயும்வரை ஓடலாம்" என்ற கணக்கு அந்தச் சில்லுக்குச் சரியாகவே இருந்தது.

இறப்பரின் கதை வேறு. பச்சை இறப்பர் வெயிலில் இளகிப் பசையாகிவிடும். 1839இல் அமெரிக்காவின் சார்ள்ஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி அதை உறுதியாக்கும் வழியைக் கண்டார். 1888இல் பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் டன்லப், மகனின் மூன்று சில்லுச் சைக்கிளுக்குக் காற்றடைத்த டயரைச் செய்தார். இதற்கிடையில், 1876இல், பிரேசிலிலிருந்து ஹென்றி விக்ஹாம் கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, கன்றுகளாக நம் நாட்டுக்கு வந்தன. கம்பஹாவுக்கு அருகில் ஹெனரத்கொடை தோட்டத்தில் அவற்றை நட்டார்கள். ஆசியாவின் இறப்பர்த் தொழிலுக்கு வேர் விட்ட இடங்களில் அதுவும் ஒன்று.

அது ஈர வலயத்து மரம். நம் மண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் இறப்பரின் சரித்திரம் இரண்டு தடவை நம் பக்கம் வந்து போனது.

முதலாவது 1942. பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. அடுத்த மாதம் ஜாவா. உலக இறப்பரில் பெரும்பங்கு ஜப்பானின் கைக்குப் போய்விட்டது. நேச நாடுகளுக்கு மிஞ்சிய முக்கியமான இறப்பர் நாடு இலங்கை. ஏப்ரல் 9ஆம் திகதி மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. அவர்கள் தேடி வந்தது பிரித்தானியக் கடற்படையை. ஆனால் அந்த மாதங்களில் இந்தத் தீவு பறிபோயிருந்தால் நேச நாடுகளின் லொறிகளுக்கும் விமானங்களுக்கும் டயர் எங்கிருந்து வந்திருக்கும்? அமெரிக்காவில் அந்த வருடம் முதலில் பங்கீட்டுக்கு வந்த பொருள் டயர்தான். டயர் தேயாமலிருக்கவே அங்கே வேகத்தை மணிக்கு 35 மைலாகக் குறைத்தார்கள். ஹேர்மிஸ் இன்றும் நம் கடலடியில்தான் கிடக்கிறது.

இரண்டாவது 1952. அரிசித் தட்டுப்பாட்டுக் காலம். அந்த டிசம்பரில் சீனாவோடு இறப்பர்–அரிசி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐந்து வருடங்களுக்கு, வருடம் 50,000 தொன் இறப்பர் போகும், 270,000 தொன் அரிசி வரும். அமெரிக்கா கோபித்துக்கொண்டது, உதவியும் நின்றது. ஆனால் கூப்பன் அரிசிக்கு வழி பிறந்தது. ஒரு கண்டம் கடந்து வந்த மரத்தின் பால் நம் சோற்றுக் கோப்பைவரை வந்த கதை இது.

இத்தனை இறப்பர் இருந்தும் டயர் நமக்குத் தாராளமாகக் கிடைத்ததில்லை. 1960களில் சோவியத் உதவியோடு களனியில் டயர்த் தொழிற்சாலை எழுந்தது. ஆனால் 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியபோது வெளிநாட்டு டயரைக் கண்ணால் காண்பதே அரிதாகியது. அப்போதுதான் நம் வாப்பாமார் ஒரு கலையைப் பழகினார்கள். தேய்ந்த டயருக்கு மேல்தோல் போட்டு ரீபில்ட் செய்தார்கள். வெடிப்புக்குள் துண்டு டயர் வைத்து ஓட்டினார்கள். ஒன்றுக்கும் உதவாததைச் செருப்பாக வெட்டினார்கள், தோணி ஓரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். நாங்கள் சிறுவர்களாக ஒழுங்கைகளில் தடியால் தட்டி உருட்டி ஓடியதும் அந்த டயர்களைத்தான்.

1977க்குப் பிறகு கதவு திறந்தது. ஆனால் நம் பக்கம் யுத்தம் வந்தது. வலையிறவுப் பாலத்தைத் தாண்டி ஒரு பொருளைக் கொண்டுபோகச் சாவடியில் பதில் சொல்ல வேண்டிய காலம். இருப்பதை வைத்து ஓட்டுவது அப்போது இன்னும் ஊறிப்போனது. பிறகு 2020இல் அந்நியச் செலாவணி நெருக்கடி. வாகன இறக்குமதி நின்றது, டயருக்கும் கட்டுப்பாடு வந்தது. 2022இல் நாடே கடனைக் கட்ட முடியாமல் நின்றபோது, பாவித்த டயரைத் தேடி ஊர் ஊராக அலைந்தோம். அந்த நாட்களில் யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆக, "இருப்பதை ஓட்டு" என்பது நம் கஞ்சத்தனமல்ல. எண்பது வருடத் தட்டுப்பாடு நமக்குக் கற்றுத்தந்த பாடம். ஆனால் இன்று கடையில் டயர் இருக்கிறது. நாம் ஓடும் பாதையும் மாறிவிட்டது. 1924இல் திறந்த கல்லடி இரும்புப் பாலத்தில் எதிரே பஸ் வந்தால் ஓரமாக நின்றுதான் போனோம். 2013இல் பக்கத்திலேயே அகலமான பாலம் வந்தது. 2014இல் மண்முனைப் பாலம் வந்தது, "பாதை" ஏறி வாவியைக் கடந்த காலம் அங்கே முடிந்தது. காபெட் வீதியில் எண்பது தொண்ணூறில் போகிறோம். மெதுவாக ஓடிய காலத்துப் புத்தி இந்த வேகத்துக்குப் போதாது.

அதனால், டயர் மாற்றப்போகும் உறவுகளுக்கு நாம் படித்துக்கொண்டதைச் சொல்கிறோம்.

முதலில் வயது. டயரின் ஓரத்தில் DOT என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை. ஐந்து வருடம் தாண்டினால் வருடாவருடம் காட்டிப் பரிசோதிக்க வேண்டும். பத்து வருடமென்றால், பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் கழற்றிவிட வேண்டும். டயர்க் கம்பனிகளே சொல்லும் கணக்கு இது. நம் கச்சான் காற்றும் வெயிலும் இறப்பரை இன்னும் சீக்கிரம் கிழவனாக்கும்.

அடுத்தது அளவு. 215/60R16 95H என்று இருந்தால், 215 மில்லிமீற்றர் அகலம், அதில் 60 வீதம் உயரம், ரேடியல், 16 அங்குல றிம். 95 என்பது ஒரு டயர் 690 கிலோ தாங்கும் என்பது. H என்பது மணிக்கு 210 கிலோமீற்றர் வரை. இந்த வகை வாகனம் சாதாரணக் காரைவிடப் பாரம். அதில் ஏழுபேரை அடுக்கி, மேலே சாமானும் கட்டுகிறோம். விலை குறைவென்று பாரக் குறியீடு குறைந்த டயரை எடுக்காதீர்கள். சரியான அளவும் காற்றும் சாரதிக் கதவின் உட்பக்கத்தில் எழுதியிருக்கும்.

மூன்றாவது, பாவித்த டயர். ஜப்பானில் பனிக்காலத்துக்கென்று "ஸ்டட்லெஸ்" என்ற டயர் உண்டு. ஓரத்தில் பனிப்பூ அடையாளம் இருக்கும். பள்ளம் ஆழமாக, பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அது குளிருக்கான மிருதுவான இறப்பர். நம் சூட்டு வீதியில் விரைவாகத் தேயும், பிரேக் பிடித்தால் தள்ளிப்போய் நிற்கும்.

நான்காவது மழை. பள்ளத்துக்குள் 1.6 மில்லிமீற்றர் உயரத்தில் சிறு திட்டு இருக்கும். அதோடு சமமானால் டயர் முடிந்தது. ஆனால் 3 மில்லிமீற்றருக்குக் கீழே போனாலே தண்ணீரில் பிடிமானம் குறையத் தொடங்கிவிடும். வாடைக்கால மழையில் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். இரண்டு டயர்தான் மாற்ற வசதியென்றால் புதியதைப் பின்பக்கம் போடுங்கள். பின்பக்கம் வழுக்கினால் வாகனம் சுழலும், பிறகு யாராலும் பிடிக்க முடியாது. நான்கு சில்லும் இழுக்கும் வாகனமென்றால் நான்கையும் ஒன்றாக மாற்றுவதே நல்லது.

ரீபில்ட் என்றாலே கூடாது என்பதல்ல. விமானங்களும் லொறிகளும் உலகமெங்கும் மேல்தோல் மாற்றிய டயரில்தான் ஓடுகின்றன. ஒவ்வொன்றையும் பரிசோதித்து, கணக்கு வைத்துச் செய்கிறார்கள். எங்கோ, எப்போதோ, யாரோ ஒட்டிய டயரைத்தான் சொல்கிறோம்.

கழற்றிய பழைய டயரை வாவிக்கரையில் எறியாதீர்கள். வளவு மூலையிலும் போடாதீர்கள். ஒரு கையளவு மழைத்தண்ணீர் தேங்கினால் போதும், டெங்கு நுளம்பு பெருகிவிடும். டயரைக் கடையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.

எங்கள் வெசலுக்கு நான்கும் மாற்றினோம். சம்பளத்தில் பெரிய ஓட்டைதான், மறைக்கவில்லை. ஆனால் பின் சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டு வருவதைக் கண்ணாடியில் பார்க்கும்போது மனசுக்கு ஆறுதலாக இருக்கிறது.

வாகனத்தில் ஏறும்போது பயண துஆ ஓதுகிறோம், அல்ஹம்துலில்லாஹ். இனி ஏறுமுன் ஒருமுறை குனிந்தும் பார்ப்போம். அந்த நான்கு இலக்கங்களை வாசிக்க ஒரு நிமிடம் போதும். ஏறி அமர்ந்திருக்கும் குடும்பம் நம்மிடம் தரப்பட்ட அமானிதம்.

உங்கள் டயரின் இலக்கத்தைக் கீழே எழுதுங்கள், எந்த வருடமென்று சேர்ந்து பார்ப்போம். அல்லாஹ் நம் எல்லோருடைய பயணங்களையும் பாதுகாப்பானதாக ஆக்குவானாக. ஆமீன்.