உப்பின் அளவு

ஆங்கிலத்தில் பெயர்க்க முடியாத தமிழ்ச்சொற்களைப் பட்டியலிடுகிறவர்கள் தவறாமல் சேர்ப்பது ஊடல். 1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி.யு. போப் இந்தச் சொல்லோடு பட்ட பாடு வேடிக்கையானது. ‘புலவி’ என்னும் 131ஆம் அதிகாரம் அவர் கையில் ‘உதட்டைப் பிதுக்குதல்’ ஆகிவிட்டது. ‘ஊடலுவகை’க்கு அவர் வைத்த தலைப்பைத் திரும்பத் தமிழாக்கினால் ‘தற்காலிக வேறுபாட்டின் இன்பங்கள்’ என்று வரும். அலுவலகக் கோப்பின் தலைப்புப்போல இருக்கிறதென்று என் மாணவிகள் சிரிப்பார்கள்.

போப்பைக் குறை சொல்ல முடியாது. உரிமையுள்ளவரிடம் மட்டும், தணித்துவிடுவார் என்ற நம்பிக்கையோடு கொள்ளும் கோபத்துக்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் இல்லை. வள்ளுவரின் தலைவன் தும்முகிறான், அவள் வாழ்த்துகிறாள். மறுகணமே, யார் நினைத்ததால் தும்மினாய் என்று அழுகிறாள். உன்னை நினைத்தேன் என்கிறான். அப்படியென்றால் இடையில் மறந்திருந்தாயா என்கிறாள். தமிழர்கள் தெய்வத்தையும் ஊடாமல் விட்டுவைக்கவில்லை. திருவண்ணாமலையில் மாட்டுப்பொங்கலன்று உண்ணாமுலையம்மன் அண்ணாமலையாரோடு ஊடுகிறாள். அந்தத் தெருவுக்கே திருவூடல் தெரு என்று பெயர்.

இத்தனை அழகுக்கும் அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. சங்க அகப்பாடல்களில் ஊடல் மருதத்திணைக்கு உரியது. அங்கே தலைவி ஊடுவதற்குப் பெரும்பாலும் காரணம், தலைவன் பரத்தையிடம் போய் வருவது. காரணம் அவனுடையது, தணியவேண்டிய பொறுப்பு அவளுடையது. புலவி உப்பைப் போன்றது, சற்று நீண்டாலும் உப்பு மிகுந்ததுபோல் ஆகும் என்கிறது குறள். உப்பின் அளவை யார் முடிவுசெய்வது என்பதுதான் என் கேள்வி.

எங்கள் புளியங்குடியில் பேச்சுவழக்கில் யாரும் ஊடல் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ‘மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா’ என்பார்கள். இன்னும் முற்றினால், ‘கோவிச்சிக்கிட்டு அம்மா வீட்டுக்கு வந்துட்டா’ என்பார்கள். அவன் வந்து கூப்பிடுவானா என்று வீடே வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். வந்து கூப்பிட்டால் அது ஊடல். கேலி பேசிச் சிரித்து அனுப்பிவைப்பார்கள். அவன் வராமலே இருந்துவிட்டால், அதே பெண்ணுக்கு அதே ஊர் வைக்கும் பெயர் வாழாவெட்டி. அவள் செய்தது ஒன்றுதான். பெயரைத் தீர்மானிப்பது அவன் வருகை.

வாழாவெட்டிக்கும் நிகரான ஆங்கிலச்சொல் கிடையாது. விளக்க ஒரு முழு வாக்கியம் வேண்டும். ஆனால் பெருமைப் பட்டியல்களில் இந்தச் சொல்லைக் காண முடியாது. தமிழிலேயே இதற்கு ஆண்பால் இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மனைவியைப் பிரிந்து வாழும் ஆணை இழித்துச் சொல்ல நம் மொழி ஒரு சொல்லைச் செய்துகொள்ளவில்லை.

மூன்றாவதாக ஒரு சொல் உண்டு: அறுத்துக்கட்டுதல். ஒத்துவராத மணத்தை ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் முடித்துக்கொண்டு, பெண் வேறொருவரை மணப்பது. கணவனை இழந்தவள் மறுமணம் செய்வதும் இதில் அடங்கும். விவாகரத்து, மறுமணம் என்று ஆங்கிலம் இரண்டாகப் பிரிப்பதை இந்தச் சொல் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. மதுரைப் பக்கத்துக் கள்ளரிடையே, சாதியார் முன் துரும்பு கொடுத்தாலே மணமுறிவாகும் என்று எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியான தம் நூலில் பதிவுசெய்திருக்கிறார். துரும்பு கொடுத்தல் என்பதையும் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஆங்கிலேயருக்கு விளங்காது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம்கூட, தன் 29ஆம் பிரிவில், வழக்காறு வழங்கிய மணமுறிவு உரிமையைத் தொடாமல் விட்டுவைத்தது.

உழைக்கும் பெண்களிடம் இருந்த இந்த உரிமையின் பெயர் பிறகு என்னவாயிற்று? ‘அறுத்துக்கட்டுற சாதி’ என்ற வசையாயிற்று. மேலே ஏற நினைத்த சமூகங்கள் முதலில் கைவிட்ட வழக்கங்களில் இதுவும் ஒன்று. அது போன இடத்தில் வாழாவெட்டி உட்கார்ந்துகொண்டாள்.

ஆகவே பெயர்க்க முடியாத சொல் என்று யாராவது பெருமையோடு நீட்டினால், மாணவிகளிடம் இரண்டு கேள்விகள் கேட்கச் சொல்கிறேன். இதை யார் யாரைப் பார்த்துச் சொன்னார்கள்? இதற்கு ஆண்பால் உண்டா? ஊடலைக் கொண்டாடுவோம், தடையில்லை. ஆனால் அறுத்துக்கட்டுதல் என்ற சொல்லைக் கூச்சமில்லாமல் உச்சரிக்க முடிகிற வீட்டில்தான் ஊடலும் விளையாட்டாக இருக்க முடியும். வெளியே போக வழியுள்ளவளின் கோபத்தைத்தான் ஒருவன் மெனக்கெட்டுத் தணிப்பான்.